நாலு நாள் பொங்கல் லீவு: வீட்டுப் பெரியவங்களுக்கு அது எப்படிப் போகுது?



பொங்கல் லீவு என்றால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். நமக்கு வேலை. வீட்டில் இருக்கிற ஆயா, தாத்தாவுக்கு? இந்தக் கேள்வியை நான் போகிற ஊர்களில் எல்லாம் பொங்கல் முடிந்த வாரத்தில் கேட்பது வழக்கம். "எல்லாரும் வந்தாங்க, போனாங்க" என்றுதான் முக்கால்வாசிப் பேர் சொல்வார்கள். அதற்கு மேல் பேச்சு வராது. கொஞ்ச நேரம் உட்கார்ந்து கேட்டால்தான் மீதி வரும்.

அரசு விடுமுறை மூன்று நாள். போகியைச் சேர்த்தால் நாலு. பொங்கல் வியாழக்கிழமை வருகிற வருடத்தில் ஞாயிறும் ஒட்டிக்கொண்டு அஞ்சு நாளாகிவிடும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்குப் போன பிள்ளைகள், சென்னையில் குடியிருக்கும் மகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் ஊருக்கு வருவது இந்த நாட்களில்தான். வருஷத்தில் மற்ற நாட்களில் போனில் "சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா" என்பதோடு சரி. அதனால் இந்த நாலு நாள் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு மிகப் பெரிய விஷயம். மார்கழி பிறந்ததிலிருந்தே எண்ண ஆரம்பித்துவிடுவார்கள்.

ஆனால் அந்த நாலு நாளும் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் காத்திருக்கிறார்கள். சமையல் முடிய, பையன் எழுந்திரிக்க, பேரன் செல்போனை வைக்க, வெளியே போனவர்கள் திரும்பி வர. இதைக் கொஞ்சம் மாற்றலாம். பெரிய செலவு ஒன்றும் கிடையாது. போகியிலிருந்து ஒவ்வொரு நாளாகப் பார்ப்போம்.

போகி: யாரைக் கேட்டுத் தூக்கிப் போட்டீங்க?

போகியன்று வீட்டைச் சுத்தம் செய்கிறோம். பழசைக் கழிக்கிறோம். அதில் முதலில் வெளியே போவது யாருடைய பொருள்? பெரியவர்களுடையதுதான். ஓட்டைப் பெட்டி, கிழிந்த பாய், உடைந்த ராட்டினம், தாத்தா தறியில் உட்கார்ந்த காலத்து நாடா.

நம் பக்கத்துப் பெரியவர்களில் பலர் தறியோடு வாழ்ந்தவர்கள். இங்கே பட்டுப் புடவை ஒரு ஆள் வேலை இல்லை. கோர்வைப் புடவைக்கு நெசவாளி பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரைக்கு நாடா போட வேண்டும். தார் சுற்ற ஒருவர் வேண்டும். விடியற்காலையில் தெருவில் பாவு விரித்தால் நாலு வீட்டு ஆட்கள் கை கொடுக்க வேண்டும். இன்றைக்கு வாசலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆயா, நாற்பது வருஷம் தார் சுற்றியவராக இருப்பார். அவர் பேர் எந்தக் கூலிப் புத்தகத்திலும் இருக்காது. அந்த ராட்டினம் ஒன்றுதான் அவர் வேலை செய்ததற்குச் சாட்சி. அதைக் கேட்காமல் குப்பையில் போடாதீர்கள். "இது வேணுமா ஆயா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பாதிப் பொருளை அவரே "போடு" என்று சொல்லிவிடுவார். மீதியைப் பற்றிக் கதை சொல்வார். பேரப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

பிளாஸ்டிக், டயர் எரிக்க வேண்டாம் என்று வருஷா வருஷம் சொல்கிறோம். மூச்சிரைப்பு இருக்கிற பெரியவர்களுக்கு அந்தப் புகைதான் முதல் எதிரி. போகியன்று விடியற்காலையில் பனியும் புகையும் சேர்ந்து நிற்கும்போது அவர்களை வாசலில் உட்கார வைக்காதீர்கள்.

பொங்கலன்று

படையல் நேரம் தள்ளிப் போனால் சர்க்கரை மாத்திரை போடுகிறவர்களுக்குச் சிக்கல். மாத்திரையைக் காலையில் விழுங்கிவிட்டு, "சாமி கும்பிட்ட அப்புறம் சாப்பிடலாம்" என்று பதினோரு மணி வரை வெறும் வயிற்றில் இருப்பார்கள். நாம் வேலையில் கவனிக்க மாட்டோம். திடீரென்று வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். "வயசாயிடுச்சு, மயக்கம்" என்று படுக்க வைத்துவிடுவோம். அது சர்க்கரை இறங்கிப்போவதன் அடையாளம். நினைவு இருந்தால் உடனே இரண்டு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பிறகு சாப்பாடு. நினைவு இல்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வயசானவர்களுக்கு மட்டும் காலையிலேயே இரண்டு இட்லி கொடுத்துவிட்டால் சாமி கோபிக்காது.

சர்க்கரைப் பொங்கலைக் காட்டிவிட்டு "உனக்குக் கூடாது" என்று எடுத்துப் போவதும் சரியில்லை. ஒரு கரண்டி போதும். அன்றைக்கு வாழைப்பழம், கரும்பு, பாயசம் என்று எல்லாம் சேராமல் பார்த்துக்கொண்டால் சரி.

இன்னொன்று. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது முதல் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவருகிற தன்னார்வலர்களில் நம்ம குழுப் பெண்களும் இருக்கிறார்கள். பொங்கல் வாரத்தில் மாத்திரை தீர்ந்தால் லீவு நாளில் அலைய வேண்டியிருக்கும். மார்கழிக் கடைசியிலேயே எண்ணிப் பார்த்துச் சொல்லிவிடுங்கள்.

இங்கே நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. "பெரியவங்களைப் பாருங்க" என்று எழுதினால் அந்த வேலையும் மருமகள் தலையில்தான் விழும். அது எனக்குத் தெரியும். விறகு, பானை, பாத்திரம், வந்தவர்களுக்குப் படுக்கை என்று நாலு நாளும் நிற்க நேரம் இல்லை. அதனால் இந்தக் கட்டுரையை வீட்டு ஆண்களுக்கும் படித்துக் காட்டுங்கள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதற்கு மகனுக்குத் தனியாகப் பயிற்சி ஒன்றும் தேவையில்லை.

மாட்டுப் பொங்கல்: பெருமாளே ஊருக்கு வரும் நாள்

நம் மாவட்டத்துப் பெரியவர்களுக்கு மாட்டுப் பொங்கல் என்றால் மாடு மட்டும் இல்லை. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்காகப் பழையசீவரம் போகும் நாள் அது. காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் சாலையில், வாலாஜாபாத் தாண்டி, பாலாற்றங்கரையில் இருக்கிறது பழையசீவரம். பெருமாள் இரவே கோயிலிலிருந்து புறப்பட்டு, வழி நெடுக ஊர் ஊராக நின்று மண்டகப்படி வாங்கிக்கொண்டு போவார். அங்கே மலை மேல் மண்டபத்தில் திருமஞ்சனம் ஆகும். அப்புறம் லட்சுமி நரசிம்மரோடு ஆற்றைக் கடந்து திருமுக்கூடலுக்கு எழுந்தருள்வார்.

பெரியவர்களுக்கு இதில் என்ன விசேஷம் என்றால், அவர்கள் கூட்டத்துக்குப் போக வேண்டியதில்லை. சாமி அவர்கள் தெருப்பக்கம் வருகிறார். வாலாஜாபாத் சாலையில் இருக்கிற நெசவு ஊர்களில் வயசானவர்கள் ராத்திரி தூங்காமல் தேங்காய் பழத்தட்டோடு உட்கார்ந்திருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சாமி வரும் வரை பேச்சுதான். யார் வீட்டில் கல்யாணம், யார் தறியை நிறுத்திவிட்டார், யார் போய்ச் சேர்ந்தார் எல்லாம் அங்கே தெரிந்துவிடும். ஒரு வருஷமாகப் பார்க்காத கூட்டாளிகள் அந்த ரோட்டோரத்தில்தான் சந்திப்பார்கள். என்னைக் கேட்டால் அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான் அவர்களுக்கு உண்மையான லீவு. ஒரு நாற்காலி, ஒரு சால்வை, குல்லாய், ஒரு பிளாஸ்க் டீ. இவ்வளவு கொடுத்து, திரும்பி வரத் துணைக்கு ஒரு பையனை அனுப்பினால் போதும். "பனியில எதுக்குப் போற, டிவியில காட்டுவான்" என்று தடுக்காதீர்கள்.

மலைக்கே போகணும் என்று ஆசைப்படுகிறவர்களை அழைத்துப் போகலாம். கூட்டம் சேருவதற்கு முன்னால் ஏற்றி, கூட்டம் இறங்குவதற்கு முன்னால் இறக்கிவிட வேண்டும். 2019-ல் அத்தி வரதர் தரிசனம் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் நடந்தபோது நெரிசலில் உயிர்கள் போனது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்போது வீட்டுக்கு வந்து இறங்கிய சொந்தக்காரர்களுக்குச் சமைத்துப் போட்டதும் நினைவிருக்கும்!

அத்தி வரதர் நாற்பது வருஷத்துக்கு ஒரு முறை. நம் ஊர் ஆயா யாரையாவது "உனக்கு என்ன வயசு" என்று கேட்டால் தெரியாது என்பார். "1979-ல அத்தி வரதரைப் பார்த்தப்போ உனக்கு எத்தனை பிள்ளை?" என்று கேட்டுப் பாருங்கள். எந்தப் பிள்ளை இடுப்பில், எது வயிற்றில் என்பது வரை சொல்வார். பேரப்பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு இது.

திருமுக்கூடல் போனால் அங்கிருக்கும் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 11-ஆம் நூற்றாண்டில், வீரராஜேந்திர சோழன் காலத்தில், அங்கே 15 படுக்கையோடு ஒரு ஆதுலசாலை, அதாவது ஆஸ்பத்திரி, நடந்ததாக அதில் வெட்டியிருக்கிறது. வைத்தியர், அறுவை வைத்தியம் செய்கிறவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் எல்லோருக்கும் கூலி எழுதி வைத்திருக்கிறார்கள். வயசானவர்களையும் நோயாளிகளையும் பார்த்துக்கொள்வது கூலி உள்ள வேலை என்று ஆயிரம் வருஷம் முன்னாடி ஒத்துக்கொண்டார்கள். இப்போது நம் வீட்டில் அதே வேலைக்கு என்ன பேர் என்று உங்களுக்கே தெரியும்.

காணும் பொங்கல்: யாரைக் காண?

பேரிலேயே இருக்கிறது. பெரியவர்களைப் போய்க் கண்டு, காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கும் நாள். ஜப்பானில் முதியோரை மதிக்க ஒரு தேசிய விடுமுறை உண்டு. 2003 முதல் அது செப்டம்பர் மூன்றாவது திங்கட்கிழமை, சனி ஞாயிறோடு சேர்ந்து வரும். சீனாவில் 2013-ல் பெற்றோரை அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். நமக்குச் சட்டம் இல்லாமலே ஒரு நாள் இருக்கிறது. அந்த நாளில் நாம் என்ன செய்கிறோம்? வேன் பிடித்து மாமல்லபுரம், வேடந்தாங்கல் போகிறோம். "ஆயா, வீட்டைப் பாத்துக்கோ" என்கிறோம்.

கூப்பிட்டால் ஆயாவும் வருவதில்லை. "எனக்கு முடியாதும்மா, நீங்க போய்ட்டு வாங்க" என்பார். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பல ஆயாக்கள் என்னிடம் தனியாகச் சொன்ன காரணம் ஒன்றுதான். பாத்ரூம். வழியில் எங்கே போவது, யாரை நிறுத்தச் சொல்வது என்ற கூச்சம். வந்தாலும் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். வெயிலில் அது இன்னும் ஆபத்து. வேன் பேசும்போதே எங்கெங்கே நிறுத்தப் போகிறோம் என்று சொல்லிவிட்டால் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள்.

தூரம் முடியாதவர்களுக்குப் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில், ராஜசிம்ம பல்லவன் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது, ஊரின் மேற்குப் பக்கம் இருக்கிறது. முன்னால் புல்தரை உண்டு. புளிசாதம் கட்டிக்கொண்டு போய்க் கோயிலைப் பார்த்துவிட்டு, வெளியே நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டு வரலாம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஆயாவும் அவர் கூட்டாளிகள் நாலு பேரும் கூட ஒரு குழுப் பெண் துணையோடு போய் வரலாம். பிள்ளைகள் அழைத்துப் போக வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

காலில் விழுகிற பேரப்பிள்ளைக்குக் காசு கொடுக்க வேண்டும். இது சின்ன விஷயம் போலத் தெரியும். கையில் காசில்லாத தாத்தா அன்றைக்குக் காலையிலேயே "தலை வலிக்குது" என்று போர்த்திப் படுத்துக்கொள்வார். கொடுக்க ஒன்றும் இல்லாத கூச்சம்தான் காரணம். முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டிலிருந்து மாதம் 1,200 ரூபாய். அதை வாங்கி வந்து வீட்டுச் செலவில் போடுகிற வீடுகள் நிறைய. குறை சொல்லவில்லை, கஷ்டம் அப்படி. ஆனால் தை மாதம் மட்டுமாவது அதிலிருந்து ஒரு இருநூறு ரூபாயைப் புதுப் பத்து ரூபாய் நோட்டாக மாற்றி அவர்கள் கையில் கொடுங்கள். பேங்க் லீவுக்கு முன்னாடியே மாற்றிவிடுங்கள்.

கணுப்பிடி வைக்கிற வீடுகளில் கூடப் பிறந்தவர்கள் நல்லா இருக்கணும் என்று பெண்கள் வேண்டிக்கொள்கிறார்கள். எழுபது வயது ஆயாவுக்கும் அண்ணன் தம்பி உண்டு. பிறந்த வீட்டுச் சீர் வராமல் போய் எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். தம்பி உயிரோடு இருந்தால் செல்போனில் முகம் பார்த்துப் பேச வையுங்கள். பத்து நிமிஷம் போதும். புருஷனை இழந்தவர் என்பதற்காக ஆயாவைப் பொங்கப் பானைப் பக்கம் வராமல் ஒதுக்கி வைக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. பானையில் எப்போது அரிசி போடணும் என்று சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

லீவுல கைநாட்டு

இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒன்று சேர்ந்திருப்பதால் வீட்டுப் பத்திரம் பற்றிய பேச்சு வருவதும் இந்த நாட்களில்தான். "எல்லாரும் இருக்கும்போதே முடிச்சிடலாம்" என்பார்கள். லீவில் பேச்சும் கைநாட்டும். லீவு முடிந்ததும் ரிஜிஸ்டர் ஆபீஸ். பொங்கலுக்கு வந்த மகன் எழுதி வாங்கிக்கொண்டு போய், அடுத்த பொங்கலுக்கு அம்மா வேறு வீட்டுத் திண்ணையில் இருந்ததை நம் கூட்டமைப்பிலேயே பார்த்திருக்கிறோம்.

உயில் வேறு, செட்டில்மெண்ட் வேறு. உயில் எழுதினால் அவர் காலத்துக்குப் பிறகுதான் சொத்து போகும். உயிரோடு இருக்கும் வரை மாற்றி எழுதலாம். தான செட்டில்மெண்ட் பதிவானால் சொத்து உடனே கை மாறிவிடும். மனசு மாறினாலும் சும்மா ரத்து செய்ய முடியாது.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. அதன் 23-ஆம் பிரிவு, பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்து செய்ய வழி தருகிறது. நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் ஒரு வழக்கில் சொன்னது. 2025 ஜனவரியில், மத்தியப் பிரதேசத்தில் ஒரு தாய் மகனுக்கு எழுதிய தானப் பத்திரத்தை, அவன் பார்த்துக்கொள்ளவில்லை என்று அதே நீதிமன்றம் ரத்து செய்தது. அதனால் எழுதிக்கொடுத்தே ஆக வேண்டும் என்றால், "கடைசி வரை சாப்பாடு, தங்க இடம், வைத்தியம் கொடுக்க வேண்டும்" என்ற வரி அந்தப் பத்திரத்திலேயே இருக்கட்டும். வாய் வார்த்தை போதாது. ஆயாவுக்குப் படிக்கத் தெரியாவிட்டால், சொத்தில் பங்கில்லாத ஒருவர் முழுசாகப் படித்துக் காட்டிய பிறகுதான் கைநாட்டு. லீவு நாளில் அவசரப்படுத்தினால் "தை அமாவாசை போகட்டும்" என்று சொல்லச் சொல்லுங்கள். யாரும் மறுத்துப் பேச முடியாத பதில் அது.

பிள்ளைகள் சோறு போடவில்லை என்றால் வருவாய்க் கோட்டாட்சியரிடம், அதாவது ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கொடுக்க உத்தரவிடும் அதிகாரம் அந்தத் தீர்ப்பாயத்துக்கு உண்டு. வழி தெரியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567. இலவசம். காலை 8 முதல் இரவு 8 வரை, லீவு நாளிலும் பேசலாம்.

எல்லோரும் போன பிறகு

வேன் கிளம்பிய மறுநாள்தான் கஷ்டமான நாள். வீடு சத்தமில்லாமல் இருக்கும். சாப்பாடு இறங்காது. சிலருக்குக் காய்ச்சல் கூட வரும். அன்றைக்கு ஒரு முறை பக்கத்து வீட்டுக் குழுப் பெண் யாராவது எட்டிப் பார்த்து, "பேரன் என்ன சொன்னான், என்ன வாங்கிட்டு வந்தான்" என்று கேட்டால் போதும். நாலு நாளில் நடந்ததை அப்போதுதான் முழுசாகச் சொல்வார்கள். என்னிடம் சொன்னதெல்லாம் அப்படிச் சொன்னதுதான்.

பொங்கலுக்குப் பிறகு தை அமாவாசை வரும். அமாவாசையில் பல வீடுகளில் தறி ஓடாது. இரண்டு தெரு தள்ளியிருக்கிற கூட்டாளியைப் பார்க்க ஆயாவை அழைத்துப் போக அது தோதான நாள். தை மாதக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் தெருவில் 60 வயது தாண்டி, பார்க்க ஆளில்லாமல், உதவித்தொகையும் வராமல் இருக்கிறவர்களின் பெயரை எழுதிக்கொண்டு வாருங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் நகலும் வேண்டும். மனுக்களை அன்றைக்கே உட்கார்ந்து எழுதிவிடலாம்.